பழைய துப்பாக்கிக்கு என்ன விலை கொடுக்கலாம்? சமயநல்லூர் வட்டார முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு திறந்த மடல்



டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்கு வந்த கையோடு நம்மில் பலருக்கும் நினைவுக்கு வரும் வேலை ஒன்று உண்டு. வங்கியில், நகைக்கடையில், ஏ.டி.எம்.முக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் கன்மேன். லைசென்ஸும் துப்பாக்கியும் சொந்தமாக வைத்திருப்பவருக்கு, வெறுங்கையோடு நிற்கும் வாட்ச்மேனைவிடச் சம்பளம் கூடுதல். நாற்பதைத் தொடும் வயதில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் வீட்டில், அந்தக் கூடுதல் பணம் பெரிய காரியம். லைசென்ஸ் கிடைத்துவிட்டால் ஆயுதம் வாங்க அதில் கெடு போட்டிருக்கும். கெடு நெருங்க நெருங்க மனசு பரபரக்கும். கிராஜுவிட்டிப் பணமும் வங்கியில் இருக்கும். இந்த இரண்டையும் மோப்பம் பிடித்துத் தரகர்கள் வருவார்கள். "மிலிட்டரி டிஸ்போசல் ரைபிள் ஒண்ணு இருக்குண்ணே, நீங்க புழங்குன சாமான்தான்" என்று பேச்சை ஆரம்பிப்பார்கள்.

அந்தப் பேச்சை நம்பி நம்மவர் யாரும் பணத்தைத் தொலைக்கக் கூடாது, கம்பி எண்ணவும் கூடாது. அதற்காகத்தான் இந்த மடல். நான் படையின் பழுதுபார்ப்புப் பிரிவான இ.எம்.இ.யில் ஆர்மரராக இருந்தவன். கோத் என்ற ஆயுத அறையில் அடுக்கியிருக்கும் ஆயுதங்களைக் கழற்றி, அளந்து, இது சுடத் தகுதி, இது தகுதியில்லை என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. பத்து வருஷம் தோளில் சுமந்தவருக்குக்கூட ஒரு ஆயுதத்தின் உள்பக்கம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. படையில் அதைப் பார்க்கத் தனியாக ஆள் இருந்தார்கள். சிவிலில் வாங்கும்போது அந்த வேலையையும் நாமேதான் செய்தாக வேண்டும்.

முதலில் த்ரீ நாட் த்ரீ கதையை முடித்துவிடுகிறேன். அதற்கு நியாயமான விலை சைபர். வங்காளத்து ஈஷாப்பூர் தொழிற்சாலையில் ஆங்கிலேயர் காலம் தொட்டு லட்சக்கணக்கில் செய்த லீ என்ஃபீல்டு ரைபிள் அது. 1962இல் சீனாக்காரனை எதிர்த்து நின்ற நம் மூத்தவர்கள் கையில் இருந்தது அதுதான். அந்தச் சண்டைக்குப் பிறகு படைக்கு எஸ்.எல்.ஆர். ரைபிள் வந்தது, த்ரீ நாட் த்ரீ போலீஸ் கைக்குப் போனது. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020ஆம் ஆண்டு குடியரசு நாள் அணிவகுப்போடுதான் அதற்கு விடை கொடுத்தது. இத்தனை காலம் உழைத்த ரைபிள், கழித்துக்கட்டிய பிறகு நாலு பேர் வீட்டுக்காவது வந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். நம் நாட்டில் அப்படி வர வழியில்லை. .303, 7.62 படைத் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய ரைபிள் எதுவானாலும் ஆயுத விதிகளின்படி தடை செய்யப்பட்ட ரகம். போலீஸ் காவலுக்கென்று அதே என்ஃபீல்டு உடலில் செய்த .410 மஸ்கட்டும் அந்த ரகம்தான். தாத்தா இரண்டாம் உலகப் போரில் இருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் .380, .455 ரிவால்வர்களும் அப்படியே. கலெக்டர் கொடுக்கும் சாதாரண லைசென்ஸ் இவற்றுக்குச் செல்லாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு தடை செய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதியில்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டுக்குக் குறையாமல் 14 ஆண்டு வரை சிறை. பென்ஷன், மரியாதை, பிள்ளைகளின் வேலைக்கான போலீஸ் விசாரணை எல்லாமே அதோடு போய்விடும். "எட்டாயிரம்தான், பேப்பர் பின்னாடி சரி பண்ணிக்கலாம்" என்று ஒருவன் சொன்னால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பேப்பரைப் பின்னால் யாராலும் சரி பண்ண முடியாது.

படையில் கழித்த ஆயுதம் சட்டப்படி தனியார் கைக்கு வந்த வழி ஒன்று இருந்தது உண்மை. படையின் வழக்கமான ரகத்தில் சேராத ஆயுதங்களை என்.எஸ்.பி. என்று தனியே பிரித்து, ஜபல்பூர் மத்திய ஆர்டினன்ஸ் டிப்போ வழியாக அதிகாரிகளுக்குக் குறைந்த விலையில், நிபந்தனையோடு கொடுத்தார்கள். சொந்த உபயோகத்துக்கு என்று வாங்கியதைச் சிலர் வெளியே பல மடங்கு விலைக்கு விற்றார்கள். ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகர் மாவட்டத்தில் அது வெளிப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போனது. அதிகாரிகள்மீது படையே நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிற்று. டிப்போ விலைக்கும் வெளி விலைக்கும் நடுவே இருந்த அந்தப் பெரிய இடைவெளிதான் அத்தனை பேரைச் சறுக்க வைத்தது. ஆகவே "ஒரு கர்னல் சாரோட சாமான்" என்று யாராவது காதில் ஓதினால், அந்தக் கர்னல் சாருக்கு அதை விற்க அனுமதி தந்த காகிதம் எங்கே என்று முதலில் கேளுங்கள். பெரிய பதவியில் இருந்தவருடையது என்பதற்காகப் பத்து ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.

இளைய தம்பிகள் செல்போனில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, என்ஃபீல்டுக்கு அங்கே இவ்வளவு டாலர் என்று கணக்குப் போடுகிறார்கள். அங்கே இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பல நாட்டுப் பழைய ரைபிள்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின; பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் வாங்கலாம் என்ற நிலை இருந்தது. அதிபர் கென்னடியை 1963இல் கொன்ற இத்தாலியப் படை ரைபிள் அப்படித் தபாலில் வந்ததுதான். தொலைநோக்கியோடு சேர்த்து விலை 19 டாலர் 95 சென்ட். ஒரு நாட்டின் தலைவரைச் சாய்த்த ஆயுதத்தின் விலை அவ்வளவுதான். 1968இல் சட்டம் போட்டுத் தபால் விற்பனையை நிறுத்தினார்கள். நம் ஈஷாப்பூரில் செய்த 7.62 ரைபிள்களே கழிக்கப்பட்டு அந்த ஊர்ச் சந்தைக்குப் போயிருக்கின்றன. அங்கே அது சேகரிப்பவர் சுவரில் மாட்டி வைக்கும் பொருள்; தோட்டா கடையில் கிடைக்கும்; கைமாற்றவும் இங்கிருப்பது போன்ற தடையில்லை. இங்கே இது எதுவும் இல்லாதபோது அந்த விலையை இங்கே பேசுவதில் பொருளில்லை.

இனி, சட்டப்படி வாங்கக்கூடியவற்றுக்கு வருகிறேன். தரகர்கள் 'மிலிட்டரி ரைபிள்' என்று காட்டுவதில் பெரும்பாலானவை .315 ஸ்போர்ட்டிங் ரைபிள். வெள்ளைக்காரன் காலத்திலேயே .303 பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததால், வேட்டைக்காரர்களுக்காக வேறு தோட்டாவில் செய்த ரகம் இது. ஈஷாப்பூர் தொழிற்சாலை என்ஃபீல்டின் போல்ட்டையும் உடலையும் வைத்தே இதையும் செய்தது. அதனால் பார்த்தவுடன் நம் கைக்குப் பழகிய ரைபிள் என்றே தோன்றும். போல்ட்டை இழுக்கும் சத்தம்கூட அதேதான். .303க்கும் .315க்கும் குழல் விட்டத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்லை. கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பேரலில் பொறித்திருப்பதையும் லைசென்ஸில் எழுதியிருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மற்றதைப் பேச வேண்டும்.

சோழவந்தான் பக்கம் ஒரு வீட்டில் இப்படி ஒரு .315ஐ நான் பார்க்க நேர்ந்தது. கட்டை புதிதாக வார்னிஷ் அடித்துப் பளபளவென்று இருந்தது. பேரலுக்குக் கறுப்பு ஏற்றி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. வாங்க வந்த தம்பி ஏற்கெனவே மனதில் முடிவு செய்துவிட்டார். போல்ட்டைக் கழற்றிவிட்டு, வாய்ப்பக்கம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், குழலின் ஒரு ஓரத்தில் மட்டும் பள்ளம் விழுந்து, வட்டம் முட்டை வடிவமாகியிருந்தது. குழல் துடைக்கும் புல் த்ரூ கயிற்றை நேராக இழுக்காமல், வருஷக்கணக்கில் ஒரே பக்கம் சாய்த்து இழுத்தால் இப்படித்தான் ஆகும். கயிறு இரும்பை அறுக்குமா என்று கேட்பீர்கள். அதில் ஒட்டியிருக்கும் மண்ணும் தூசியும் அறுக்கும். குண்டு குழலை விட்டு வெளியேறும் கடைசி இடம் அது. அங்கே வட்டம் கெட்டுவிட்டால் குறி நிற்கவே நிற்காது. உள்ளே ரைபிளிங் வரிகளின் மேடும் மழுங்கிப் போயிருந்தது. பழைய தோட்டாக்களின் கேப்பில் இருக்கும் உப்பு குழலில் தங்கி ஈரத்தை இழுத்துத் துரு ஏற்றும். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் கொதிக்கிற தண்ணீரைக் குழலுக்குள் ஊற்றிக் கழுவியது அதனால்தான். அந்த வீட்டுக்காரர் அதைச் செய்ததில்லை. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. வெளியே அடித்த வார்னிஷுக்குத்தான் விலை கேட்டார்கள். தம்பி வாங்கவில்லை.

அந்தத் தம்பிக்கு நான் இன்னொன்றும் சொன்னேன். கன்மேன் வேலைக்கு ரைபிள் எதற்கு? வங்கிகள் கேட்பது பெரும்பாலும் 12 போர் டபுள் பேரல்தான். ரைபிள் குண்டு ஒரு ஆளைத் தாண்டி, சுவரைத் தாண்டித் தெருவில் போகிறவர்மேல் பாயும். பரவை மார்க்கெட் மாதிரி சனம் நெரியும் இடத்தில் பணவண்டிக்குக் காவல் நிற்பவன் கையில் அது இருப்பது ஆபத்து. வேட்டைக்கு என்றால், 1972 வனவிலங்குச் சட்டத்தோடு அந்தக் காலமும் போய்விட்டது. பழகிய ஆயுதத்தின்மேல் நமக்கு இருக்கும் பாசத்துக்காக மட்டும் .315 வாங்குவதென்றால், கிளப்பில் குறிபார்த்துச் சுடும் ஆசையும் வசதியும் உள்ளவர் வாங்கலாம். சம்பாத்தியத்துக்கு வாங்குபவர் வாங்க வேண்டாம்.

டபுள் பேரலை எப்படிப் பார்ப்பது? இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பலரும் படையில் இதைத் தொட்டதே இல்லை. முதலில் குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முன்கட்டையைக் கழற்றி, பேரலைத் தனியே எடுங்கள். பேரலின் அடியில் உள்ள கொக்கியில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல பேரல் 'ணங்' என்று நீளமாக ஒலிக்கும். சத்தம் செத்து 'டப்' என்று நின்றால் இரண்டு குழலையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பற்றவைப்பு எங்கோ விட்டிருக்கிறது. அதை மறுபடி பற்றவைக்கத் தெரிந்த கைகள் இப்போது அரிது; நெருப்புக் காட்டினால் குழலே கெட்டுப்போகவும் கூடும். அப்புறம் குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இரண்டு முனையிலிருந்தும் பாருங்கள். உள்ளே வெளிச்சம் வட்ட வட்டமாக, வளையம் குலையாமல் விழ வேண்டும். ஒரு இடத்தில் வளையம் நெளிந்தால் அங்கே நெளிசல் அல்லது உப்பல். நெளிசலை எடுக்கலாம். உப்பல் இருந்தால், குழலில் அடைப்போடு யாரோ சுட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் இரும்பு மெலிந்துவிட்டது. அதை வாங்கவே கூடாது.

கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் சிந்தித் துணியில் எண்ணெய் தொட்டு நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். துடைத்ததும் போனால் அழுக்கு. போகாமல் விரல் நகத்தில் தட்டும் அளவுக்குக் குழி இருந்தால் துரு தின்றிருக்கிறது. நம் பக்கத்துத் துப்பாக்கிகளில் இது ஏன் அதிகம் என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு தேர்தலுக்கும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் எண்ணெய் காணாமல், சாக்கில் சுற்றி, மூலையில் சாத்திக் கிடக்கும். திரும்ப வாங்கி வந்த அன்றே கழற்றித் துடைத்தவர் துப்பாக்கி பிழைத்திருக்கும். அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டியவர் துப்பாக்கி குழி விழுந்திருக்கும். எத்தனை வருஷப் பழசு என்பதைவிட, தேர்தல் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதற்கு என்ன நடந்தது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும்.

இனி பூட்டு. முன்கட்டை இல்லாமலேயே பேரலை மாட்டி மூடி, கட்டையை அக்குளில் இடுக்கி, பேரலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். கிலுகிலுவென்று ஆடினால் உடலும் பேரலும் சேரும் இடம் தேய்ந்திருக்கிறது. மூடிய நிலையில் பின்பக்கம் வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி இருந்தால் அதைச் சுடவே வேண்டாம். திருகுகளின் தலையைக் கவனியுங்கள். திருகாணிப் பள்ளம் நேராக, ஓரம் கூர்மையாக இருந்தால் தெரிந்த கை கழற்றியிருக்கிறது. பிய்ந்து போயிருந்தால் சைக்கிள் கடை ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போயிருக்கிறது. உள்ளே ஸ்பிரிங், பின் எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள். கட்டையின் இடுப்பு மெலியும் இடத்தில் முடிபோன்ற விரிசல் இருக்கிறதா என்று எண்ணெய் விரலால் தடவிப் பாருங்கள். வாடிப்பட்டிச் சந்தையில் பல்லைப் பார்க்காமல் மாட்டைப் பிடித்து வருகிற சம்சாரி யாரும் நம் ஊரில் இல்லை. துப்பாக்கிக்கும் அந்தக் கவனம் போதும்.

பழைய சீமைத் துப்பாக்கி வாங்குபவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி பொதுமக்களுக்கு நின்றுபோய் சுமார் நாற்பது வருஷம் ஆகிறது. அதனால் இங்கிலாந்துப் பெயர் பொறித்த எதற்கும் வாய்க்கு வந்த விலை சொல்கிறார்கள். ரிப்பின்மேல் 'பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று பார்த்ததும் அது அரிய பொருள் என்று சொல்வார்கள். அது விற்ற கடையின் பெயர். உள்ளே துப்பாக்கி எப்படி இருக்கிறது என்பதற்கு அந்தப் பெயர் சாட்சியாகாது. அதைவிட முக்கியம், பழைய சீமைத் துப்பாக்கிகள் பலவற்றின் சேம்பர் 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்குச் செய்தது. இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். நீளமான தோட்டா அதில் போகும், துப்பாக்கியும் மூடும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வராது. சுடும்போது தோட்டாவின் மடித்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். கருப்பு மருந்துக் காலத்தில், இரும்புப் பட்டைகளை முறுக்கிச் சேர்த்துச் செய்த டமாஸ்கஸ் பேரலும் சிலரிடம் இருக்கிறது. பாம்புத் தோல் போல வரி வரியாக அழகாக இருக்கும். இன்றைய மருந்துக்கு அது தாங்காது. டியூட்டிக்கு அதை வாங்காதீர்கள்.

விலைக்கு வருகிறேன். முதலில் நம் நாட்டு ஆர்டினன்ஸ் தொழிற்சாலை டபுள் பேரலின் இன்றைய புது விலையை மதுரையிலோ திருச்சியிலோ லைசென்ஸ் உள்ள கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கடையில் கேட்டால் போதாது, இரண்டில் கேளுங்கள். அதை நூறு என்று வைத்துக்கொண்டால் என் கணக்கு இப்படிப் போகும். குழல் கண்ணாடி மாதிரி இருந்து, பூட்டு இறுக்கமாக, எண்கள் எல்லாம் ஒத்துப்போனால் அறுபது வரை கொடுக்கலாம். மிகச் சுத்தமாக, குறைவாகச் சுட்டது என்றால் எழுபது. குழியில்லாத லேசான கறை மட்டும் என்றால் ஐம்பது. நகத்தில் தட்டும் குழி இருந்தால் முப்பதைத் தாண்டாதீர்கள், அதுவும் சேம்பர் பகுதியில் குழி இல்லாதபோதுதான். கட்டை விரிசலுக்குப் பத்து கழியுங்கள். பூட்டு ஆடினால் என்ன விலைக்கும் வேண்டாம். இது சட்டமல்ல, வியாபாரிகள் சங்கத்துக் கணக்கும் அல்ல. ஆயுதம் பார்த்துப் பழகிய ஒருவனின் மதிப்பீடு. ஆனால் எண்பது, தொண்ணூறு என்று கேட்பவரிடம், இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வருமே என்று தைரியமாகக் கேளுங்கள்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். துப்பாக்கி இல்லாத காவலாளிக்கும் துப்பாக்கியோடு நிற்பவருக்கும் உங்களுக்கு வேலை தரப்போகும் இடத்தில் மாதச் சம்பள வித்தியாசம் எவ்வளவு? அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். துப்பாக்கிக்கும், லைசென்ஸ் செலவுக்கும், தோட்டாவுக்கும் சேர்த்து அந்தத் தொகைக்குள் முடிந்தால் நல்லது. ஒரு வருஷத்துக்குள் போட்ட பணம் திரும்பாத துப்பாக்கிக்குக் கிராஜுவிட்டியை உடைக்காதீர்கள். வேலையைப் பேசி உறுதி செய்யாமல் துப்பாக்கியை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் ஏஜென்சி ஏஜென்சியாக அலைந்தவர்களை நமக்குத் தெரியும்.

இத்தனையும் சரியாக இருந்து பேப்பர் கோணலாக இருந்தால் அந்தத் துப்பாக்கிக்கு விலையே இல்லை. விற்பவரின் லைசென்ஸில் இருக்கும் எண், பேரலில் இருக்கும் எண், உடலில், முன்கட்டையில் இருக்கும் எண் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். குழலை யாராவது அறுத்துக் குட்டையாக்கியிருக்கிறார்களா என்று டேப்பால் அளந்து பாருங்கள். 20 அங்குலத்துக்குக் குறைந்தால் அதுவும் தடை செய்யப்பட்ட ரகத்தில் போய்ச் சேரும். லைசென்ஸில் தேசியப் பதிவு எண்ணான யு.ஐ.என். இருக்கிறதா, அது எந்த ஊரில் கொடுத்தது என்று பாருங்கள். 2012 முதல் 2016 வரை ஜம்மு காஷ்மீரில் கொடுத்த 2 லட்சத்து 78 ஆயிரம் லைசென்ஸ்களில் முறைகேடு என்று சி.பி.ஐ. விசாரணையே நடந்தது. அங்கே பணியாற்றிய பழக்கத்தில் அந்த ஊர் லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று நம்மவர்களிடமே பேசியவர்கள் உண்டு. சமயநல்லூர்க்காரருக்கு லைசென்ஸ் அதிகாரி மதுரை கலெக்டர். மாநகர எல்லைக்குள் குடியிருப்பவருக்கு மாநகரக் காவல் ஆணையர். குறுக்கு வழி கிடையாது.

தனியாரிடம் தனியார் வாங்கலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் யாருக்கு விற்கப் போகிறேன் என்று விற்பவர் மாவட்ட நிர்வாகத்துக்கோ, அருகில் உள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, அதற்குப் பிறகு 45 நாள் கழிய வேண்டும். அதற்கு முன்னால் துப்பாக்கி கை மாறக் கூடாது. அட்வான்ஸ் கொடுத்தாலும் துப்பாக்கி விற்பவர் வீட்டிலேயே இருக்கட்டும். அட்வான்ஸுக்கு ரசீது வாங்கி, கடிதத்தில் ஸ்டேஷன் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு உங்கள் லைசென்ஸில் துப்பாக்கி எண் ஏற வேண்டும். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதும் 2019 திருத்தம்தான்.

கடைசியாக ஒன்று. வாங்குகிறவர்களைப் பற்றி மட்டும் இதுவரை பேசினேன். விற்கிறவர்களில் பலர் நம் வீட்டுப் பெண்கள். கணவர் கன்மேனாக இருந்து இறந்துபோனால், துப்பாக்கியைக் காலதாமதமின்றிக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். வாரிசுகள் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். வேண்டாம் என்றால் விற்பதற்கு மட்டும் கொஞ்ச காலம் அனுமதி வாங்கலாம். அந்த அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. வீட்டில் ஆயுதம் இருக்கிறதே என்ற பயம் மட்டும்தான் தெரியும். "இதை யாரும் வாங்க மாட்டாங்கம்மா, நான் வேணும்னா எடுத்துட்டுப் போறேன்" என்று அடிமாட்டு விலை பேசி வாங்கியவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். ஒரே யூனிட்டில் தட்டில் சோறு பகிர்ந்து சாப்பிட்டவரின் குடும்பத்திடம் அப்படிச் செய்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, அதனால்தான் வெளிப்படையாக எழுதுகிறேன். மேலே சொன்ன கணக்கை அந்த அம்மாவுக்கும் போட்டுக் காட்டுங்கள். அவர் இருபது கேட்டு, துப்பாக்கி ஐம்பது பெறுமானால், ஐம்பதைக் கொடுங்கள். காசு இல்லையென்றால் ஐம்பது கொடுக்கக்கூடியவரைக் காட்டிவிடுங்கள். ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைக்கும் முன் எண்ணெய் போட்டுத் துடைத்து, சாக்கை அவிழ்த்து மரப்பெட்டியில் வைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். விற்கும்வரை அதன் மதிப்பு குறையாமல் இருக்கும்.

வட்டாரத்தில் யாராவது வாங்கவோ விற்கவோ முடிவு செய்தால், நமது மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நேரில் வந்து பார்த்துச் சொல்கிறேன், அதற்குப் பணம் எதுவும் வேண்டாம். விற்பவர் வீட்டிலேயே, லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்கும்போது, பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம். ஒரு சுத்தமான சிந்தி, கொஞ்சம் எண்ணெய், லைசென்ஸின் அசல், அளக்க ஒரு டேப், இவ்வளவு இருந்தால் போதும். தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
முன்னாள் ஆர்மரர், சமயநல்லூர்